காருக்கு ஒரு பெட்டி, ஓட்டோவுக்கு வேறொன்று

மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் கடந்து நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் என்று காத்தான்குடி நோக்கி நீளும் வீதியில் ஓட்டோ ஒன்று வந்தால், பாட்டின் சொற்கள் புரியுமுன்னே அதன் அதிர்வு நெஞ்சில் படும். அந்த அதிர்வில் அடிநாதம் எழுப்பும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு எவ்வளவு பங்குண்டோ, அதைத் தாங்கும் பெட்டிக்கும் அவ்வளவு பங்குண்டு.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீற்றர். இவ்வளவு நீண்ட அலை கூம்பின் விளிம்பைச் சுலபமாகச் சுற்றிவரும். பெட்டி இல்லாவிட்டால் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். அடிநாதமே எழாது.

முழுக்க மூடிய பெட்டி பின்னலையைச் சிறைவைக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று கூம்புக்குச் சுருள்வில்லாகிறது. 1954இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் இந்தக் காற்றுவில்லை நம்பியே சிறிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைக் கொண்டுவந்தார். துளையில் குழாய் பொருத்திய துளைப் பெட்டியோ பின்னலையை வீணாக்குவதில்லை. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு குறித்த சுருதி எழும் அல்லவா, அதே விதிதான்: குழாயிலுள்ள காற்றும் உள்ளறைக் காற்றும் சேர்ந்து ஒரு சுருதியில் அதிரும். அந்தச் சுருதியை ஒட்டி ஒலி பெருகும். அதற்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்துவைக்க எதுவும் இராது; சத்தத்தைக் கூட்டினால் அது கிழியவும் கூடும்.

பக்கத்துக் கல்லடி உப்போடையில் துயிலும் சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளியான 'யாழ் நூல்' வழியே பழைய யாழ்களைக் கணக்கிட்டு மீட்டவர். அந்த யாழ்களில் நரம்பின் மெல்லொலியைப் பெருக்கியது, பத்தர் எனப்படும் தோல் போர்த்த ஒலிப்பெட்டி. ஒலிக்கு உடல் கொடுக்கும் இந்தக் கலை நமக்குப் புதிதல்ல.

மூடிய பெட்டி, துளைப் பெட்டி இரண்டில் எதைத் தேர்வது? கண்ணாடி ஏற்றிய கார் தானே ஒரு சிறிய அறை. அறையைவிட நீண்ட அலைகள் அங்கே முழு அறையின் அழுத்தத்தையும் ஏற்றியிறக்குவதால் அடிநாதம் தானாகவே உயரும். அங்கே மூடிய பெட்டியே என் தேர்வு. அதன் அடிநாதம் மெல்லத்தான் சரிகிறது, அந்தக் குறையையும் அறை ஈடுசெய்கிறது. ஓட்டோவுக்குப் பக்கச் சுவரில்லை, அந்த உயர்வும் இல்லை. அதற்குத் துளைப் பெட்டிதான் பொருந்தும், இடம் கூடுதலாகப் பிடித்தாலும்.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவற்குடாவின் ஈரத்தில், பெட்டி செய்ய மர இழைகளை அழுத்திய எம்.டி.எஃப். பலகை எடுத்தால் ஊதிப்போகும், நல்ல ஒட்டுப்பலகை நீடிக்கும். பெட்டி செய்து முடிந்ததும், மூடிய பெட்டியானால் அதன் கூம்பை மெல்ல அழுத்திவிட்டுப் பாருங்கள். மெதுவாக மீண்டால் மூட்டு இறுக்கம். சட்டெனத் திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது.