முதல் தோசையும் பத்து வருஷ வாக்குறுதியும்

“ஐந்து நிமிஷத்தில் சார்ஜ் ஏறும், பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடும், தீப்பிடிக்கவே பிடிக்காது. இப்படி ஒரு பேட்டரி பத்து வருஷத்துக்குள் வந்துவிடும் என்று படித்தேன். மின்சார ஸ்கூட்டரை இப்போதே வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தேவை இருந்தால் வாங்கிவிடுங்கள். பொறுத்திருப்பவருக்குக் கிடைக்கப்போவது அதிசயம் அல்ல, விலைக்குறைப்பு. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், சில நிமிஷத்தில் சார்ஜ் ஏறும் பேட்டரி வந்து வருஷக்கணக்காகிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 2008-லேயே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எதிர்மின்வாயில் கிராஃபைட்டுக்குப் பதிலாக லித்தியம் டைட்டனேட் வைத்த பேட்டரி அது. பல்லாயிரம் தடவை சார்ஜ் போட்டாலும் தாங்கும். ஆனால் அதே எடையில் வழக்கமான பேட்டரி வைத்திருக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் வைத்திருக்கும், விலையும் கூடுதல். அதனால் அது பேருந்துகள், தொழிற்சாலை வண்டிகள் போன்ற சில இடங்களோடு நின்றுபோனது. ‘வருகிறது’ என்று முழங்கும் செய்திகள், வருவதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இரண்டாவது, கணக்கு. 1991-ல் சோனி விற்ற முதல் லித்தியம் அயனி பேட்டரி கிலோவுக்குச் சுமார் 80 வாட்-மணி மின்சாரம் வைத்திருந்தது. இன்றைய நல்ல பேட்டரி 250 முதல் 300 வரை வைத்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து மூன்று, மூன்றே முக்கால் மடங்கு. கணினிச் சில்லுகளின் வளர்ச்சியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நத்தை. ஆனால் விலையைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்தைத் தேக்கும் பேட்டரித் தொகுப்பு 2010-ல் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024-ல் அது 115 டாலர் என்கிறது ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். நிறுவனத்தின் கணக்கு. புரட்சி நடந்தது, எதிர்பார்த்த வாசல் வழியாக வரவில்லை, அவ்வளவுதான்.

சக்தி ஏன் நத்தை, விலை ஏன் குதிரை? இதற்கான விடையில் பாதி, ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு படலத்தில் ஒளிந்திருக்கிறது. பேட்டரி பற்றிய எல்லாவற்றிலும் என்னை மிகவும் மயக்கியது அந்தப் படலம்தான்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் மின்பகுளியில் நீந்தி வந்து கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும், ஓடும்போது திரும்பிப் போகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். படித்த வரை சரி. சிக்கல் எங்கே என்றால், சார்ஜ் ஏறிய கிராஃபைட் சாதாரணப் பொருள் அல்ல. அதன் மின்னழுத்தம் தனி லித்தியம் உலோகத்தின் அழுத்தத்துக்குப் பத்தில் ஒரு வோல்ட் பக்கத்தில் நிற்கிறது. யார் கிடைத்தாலும் எலெக்ட்ரானைத் திணித்துவிடத் தயாராக இருக்கும் நிலை அது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்பகுளியோ ஒரு கரிமத் திரவம். அதே அளவுகோலில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே போவதற்குள்ளாகவே சிதைய ஆரம்பித்துவிடும். கணக்குப்படி, இந்த பேட்டரி தன் மின்பகுளியைத் தானே தின்று முதல் நாளே செத்துப்போக வேண்டும்.

சாகவில்லை. காரணம் தெரிய வேண்டுமானால் சமையலறைக்கு வாருங்கள்.

புது இரும்புத் தோசைக்கல்லில் முதல் தோசை வராது. ஒட்டும், பிய்யும், கரியும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, நாலைந்து தோசைகளைக் காவு கொடுத்த பிறகுதான் கல் பழகும். பழகுவது என்றால் என்ன? சூட்டில் எண்ணெய் சிதைந்து, இரும்பின் மேல் கெட்டியான மெல்லிய பூச்சாகப் படிகிறது. எண்ணெய்க்கு அது நாசம். தோசைக்கு அதுவே வாழ்வு. எங்கள் அம்மாவின் கல்லை ஒரு முறை நான் கம்பி நார் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அழுக்கு என்று நான் எடுத்தது இருபது வருஷத்துப் பழக்கம்.

பேட்டரியிலும் இதேதான். முதல் சார்ஜில் மின்பகுளி சிதைகிறது. சிதைந்த துண்டுகள் லித்தியத்தோடு சேர்ந்து லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃபுளூரைடு என்று பல உப்புகளாகக் கிராஃபைட்டின் மேல் படிகின்றன. சில பத்து நானோமீட்டர் தடிமனில் படலம் உருவானதும் சிதைவு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஏனென்றால் இந்தப் படலத்துக்கு ஓர் அற்புதமான பாரபட்சம் உண்டு: லித்தியம் அயனியை உள்ளே விடும், எலெக்ட்ரானை வெளியே விடாது. எலெக்ட்ரான் கிடைக்காவிட்டால் மின்பகுளி சிதையாது. சரியான இடத்தில் நின்றுபோன ஒரு விபத்துதான் உங்கள் ஸ்கூட்டரை ஓட்டுகிறது. இஸ்ரேலிய வேதியியலாளர் இமானுவேல் பெலெட் 1979-ல் இதற்குத் திண்ம மின்பகுளி இடைப்படலம் என்ற பொருளில் பெயர் வைத்தார். நாம் படலம் என்றே சொல்வோம்.

முழுக்க சார்ஜ் ஏறிய கிராஃபைட் கறுப்பாக இருக்காது, பொன்னிறமாக இருக்கும் என்பது கூடுதல் தகவல். தோசை உவமையை நான் இன்னும் இழுப்பேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வரலாறு ஒரு பத்தியாவது இல்லாவிட்டால் ஆசிரியர் விட மாட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடிசன் கார்களுக்கென்று நிக்கல்-இரும்பு பேட்டரியைப் பெரிய ஆரவாரத்தோடு விற்றார். அது ஒழுகியது. திரும்பப் பெற்று, 1909-ல் சரிசெய்து கொண்டுவருவதற்குள் ஃபோர்டின் மாடல் டி பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு 1970-களில் விட்டிங்ஹாம், 1980-ல் குட்இனஃப், 1985-ல் யோஷினோ என்று விஞ்ஞானிகளின் கையில் லித்தியம் கதை வளர்ந்து, மூவருக்கும் 2019-ல் நோபல் வந்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அவசரப்படாத துறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனக்குப் பிடித்த கதை வேறு. சோனியின் அந்த முதல் பேட்டரியில் கிராஃபைட்டே கிடையாது, பெட்ரோலியக் கரி வகையைத்தான் வைத்திருந்தார்கள். அன்று எல்லோரும் விரும்பிய மின்பகுளித் திரவமான புரொப்பிலீன் கார்பனேட், லித்தியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கிராஃபைட் அடுக்குகளுக்குள் தானும் புகுந்து, அதை ஏடு ஏடாக உரித்துவிடும். அதன் தம்பி எத்திலீன் கார்பனேட்டில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே குறைவு. அந்தத் தம்பி உரிப்பதில்லை. நல்ல படலம் கட்டுகிறது. இதை 1990-ல் கனடாவில் ஜெஃப் டானும் கூட்டாளிகளும் தெளிவாகக் காட்டினார்கள். அதுவரை பலரும் அதைச் சீண்டாததற்கு ஒரு காரணம், அது 36 டிகிரிக்கு மேல்தான் உருகும். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அது மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கும். மே மாத வேலூரில் வைத்திருந்தால் தானே உருகியிருக்கும். வேறு திரவங்களோடு கலந்து அதை இளக்கி வைத்தார்கள். கிராஃபைட் அரியணை ஏறியது. இன்றுவரை இறங்கவில்லை.

இப்போது அடுத்த பத்து வருஷத்துக்கான வாக்குறுதிகளை இந்தக் கல்லில் ஊற்றிப் பார்ப்போம்.

சிலிக்கான் எதிர்மின்வாய். கிராஃபைட்டைப் போலப் பத்து மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் பிடிக்கும்போது மூன்று, நான்கு மடங்காக உப்பும், விடும்போது சுருங்கும். ஒவ்வொரு தோசைக்கும் கல்லே உப்பிச் சுருங்கினால் பூச்சு என்னவாகும்? விரிசல் விடும். விரிசலில் புது இரும்பு தெரியும். மறுபடி எண்ணெய், மறுபடி பழக்கம். சீக்கிரமே எண்ணெய் டின் காலி. அதனால்தான் கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலந்தே சிலிக்கான் புழங்குகிறது. பங்கு மெல்ல மெல்லக் கூடும். அது செய்தியாகாது.

அதிவேக சார்ஜ். ஒரு கல்லில் நாலு தோசை மாவை ஒன்றாக ஊற்றினால் மேலே மேலே குவியும். லித்தியமும் அப்படித்தான். அயனிகள் தம்மைச் சூழ்ந்த மின்பகுளி மூலக்கூறுகளைக் கழற்றிவிட்டுப் படலத்தைக் கடக்க நேரம் பிடிக்கும். அதற்குள் பின்னால் வருபவை நெருக்கினால், உள்ளே போக இடமில்லாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது முள்ளாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் தீ.

திண்ம பேட்டரி. இதைத்தான் நான்ஸ்டிக் என்று விற்கிறார்கள்: திரவமே கிடையாது, எனவே சிதைவும் இல்லை, தீயும் இல்லை. டொயோட்டா 2017-ல், 2020-களின் தொடக்கத்தில் வந்துவிடும் என்றது. 2023-ல் அதே நிறுவனம் 2027-28 என்றது. தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், திண்ம மின்பகுளிகளிலும் பெரும்பாலானவை லித்தியத்தைத் தொட்டதும் சிதைகின்றன, அங்கேயும் ஒரு படலம் உருவாகிறது. நான்ஸ்டிக் கல்லும் பூச்சால்தான் பிழைக்கிறது. அந்தப் பூச்சு உரிந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். திண்ம பேட்டரி முதலில் விலையுயர்ந்த கார்களில் வரும். ஸ்கூட்டருக்கு வருவதற்குள் உங்கள் ஸ்கூட்டர் பழசாகியிருக்கும்.

சோடியம். உப்பிலிருந்து பேட்டரி என்பதால் எல்லோருக்கும் ஆசை. நியாயமான ஆசைதான், 2024 தொடக்கத்தில் சீனாவில் சோடியம் பேட்டரி வைத்த சிறு கார்கள் சாலைக்கு வந்துவிட்டன. ஆனால் சோடியம் கிராஃபைட்டுக்குள் சரியாகப் புகாது. அயனி பெரிசு, அதனால் நுழையவில்லை என்று எழுதுவார்கள். நம்பாதீர்கள், அதைவிடப் பெரிய பொட்டாசியம் ஜம்மென்று நுழைகிறது. சோடியத்துக்கும் கிராஃபைட்டுக்கும் ஒட்டுறவு இல்லை, அவ்வளவுதான். எனவே வேறு வகைக் கரி, அதாவது வேறு கல். அந்தக் கல்லின் பூச்சு கொஞ்சம் கரையும் சுபாவம் உள்ளது. கேழ்வரகு தோசை நல்லதுதான், பழக வேண்டும். வீட்டு மாடி சோலார் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்துவைக்க இந்தப் பத்து வருஷத்தில் அது உதவும் என்று நானே பந்தயம் கட்டுவேன்.

எந்த அறிவிப்பையும் உரசிப் பார்க்க ஒரு கணக்கு போதும். ஒவ்வொரு சார்ஜுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு லித்தியம் படலத்தை ஒட்டுப்போடச் செலவாகிறது என்று வையுங்கள். ‘99.9 சதவீதத் திறன்’ என்று செய்திக்குறிப்பில் அழகாகப் போடலாம். ஆயிரம் தடவை சார்ஜ் போட்ட பின் மிச்சம் எவ்வளவு தெரியுமா? 37 சதவீதம். அதுவே 99.99 என்றால் 90 சதவீதம் மிச்சம். ஒன்றுவிட்டு ஒரு நாள் சார்ஜ் போடுகிற ஸ்கூட்டருக்கு ஆயிரம் தடவை என்பது ஐந்தரை வருஷம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இன்னொரு ஒன்பதைச் சேர்ப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான முன்னேற்றம்.

அந்த ஒன்பது எப்படி வருகிறது? மாவில் வெந்தயம் போடுவது மாதிரி, மின்பகுளியில் வினைலீன் கார்பனேட் போன்ற சேர்மங்களை ஓரிரு சதவீதம் கலப்பார்கள். அவை முதலில் சிதைந்து நல்ல படலத்துக்கு அடித்தளம் போடும். யார் எவ்வளவு கலக்கிறார்கள் என்பது ஓட்டல் சாம்பார் ரகசியம். புதிதாக வந்த சேர்மம் பத்து வருஷம் தாங்குமா என்று பார்க்கவோ குறுக்குவழி இல்லை. சூடாக்கி வேகமாக முதுமையடையச் செய்து பார்க்கலாம். ஆனால் சூட்டில் நடக்கும் சிதைவு வேறு, சாதாரணமாக நடப்பது வேறு. அடுப்பைக் கூட்டினால் கல் சீக்கிரம் பழகாது, தீயும். பத்து வருஷ பேட்டரியை நம்பகமாகச் சோதிக்க வருஷங்கள் வேண்டும். சக்தி நத்தையானது இதனால்தான். இருக்கிற வேதியியலையே வைத்துக்கொண்டு தொழிற்சாலையைப் பெரிதாக்க இந்தக் காத்திருப்பு தேவையில்லை. விலை குதிரையானது அதனால்.

வாசகருக்குச் சொல்ல இரண்டே விஷயம் மிச்சம். சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் படலம் வேகமாகத் தடிக்கும். 100 சதவீதம் ஏற்றிவிட்டுச் சித்திரை வெயிலில் நிறுத்திவைக்காதீர்கள். அப்புறம், கடைக்காரர் “முதல் சார்ஜை எட்டு மணி நேரம் விடுங்க சார்” என்று சொல்லக்கூடும். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துச் சாஸ்திரம். உங்கள் பேட்டரி, முதல் சார்ஜைத் தொழிற்சாலையில் நிதானமாக, நாள்கணக்கில் ஏற்றி இறக்கிப் படலம் கட்டி முடித்த பிறகுதான் பெட்டிக்குள் போயிருக்கிறது. அதற்காக அதன் லித்தியத்தில் பத்தில் ஒரு பங்கு வரை செலவாகியிருக்கலாம். முதல் தோசை உங்களுக்கு முன்பே போய்விட்டது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பழகிய கல்.