கூட்டம் வேண்டாம் என்று கதவைச் சாத்திய கோவில்!

கூட்டம் வந்தால் எந்தக் கோவிலுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், "கூட்டம் வேண்டாம்" என்று சொன்ன ஒரு கோவில் ஜப்பானில் இருக்கிறது!

அதன் பெயர் சாய்ஹோஜி. மக்கள் அதைக் "கொகேதெரா" என்று அழைக்கிறார்கள். "பாசிக் கோவில்" என்று அர்த்தம்.

கியோட்டோ நகரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக இருந்தது. அந்த நகரின் மேற்கே, மலை அடிவாரத்தில் இந்தப் புத்தர் கோவில் இருக்கிறது.

பிக்கு அமைத்த தோட்டம்

பாழடைந்து கிடந்த கோவிலை 1339-ம் ஆண்டு முசோ சோசெகி என்ற புத்த பிக்கு புதுப்பித்தார். அவர் ஜென் பிரிவைச் சேர்ந்தவர். நாம் சொல்லும் "தியானம்" என்ற சொல்தான் சீனாவுக்குப் போய் "சான்" என்று ஆனது. பிறகு ஜப்பானில் "ஜென்" என்று மாறியது.

தியானத்துக்கு ஏற்றபடி அவர் தோட்டத்தை அமைத்தார். மேலே மலைச்சரிவில் பாறைகள். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் பாறைகளை அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அருவி கொட்டுவதுபோல் தோன்றும்!

கீழே ஒரு குளம். "மனம்" என்பதைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் வடிவில் அதை வெட்டியிருக்கிறார்கள். குளத்தைச் சுற்றி மரங்கள். மரத்தடி எங்கும் பச்சைப் பாசி.

தானாக வந்த பாசி

மழைக்காலத்தில் நம் வீட்டு மதில் சுவரில் பாசி படரும். நாம் அதைச் சுரண்டி எறிந்துவிடுவோம். அங்கே அதுதான் அழகு!

அந்தப் பாசியைப் பிக்கு நடவில்லை. பிற்காலத்தில் கோவில் கவனிப்பு இல்லாமல் கிடந்தது. மர நிழலும் ஈரமும் சேர்ந்தன. பாசி தானாகப் படர்ந்தது. இன்று சுமார் 120 வகைப் பாசிகள் அங்கே இருக்கின்றன.

கூட்டம் வந்தது, ஆபத்தும் வந்தது

1928-ம் ஆண்டு தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளடைவில் கூட்டம் பெருகியது. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. பாசிக்கும் சேதம்.

பாசிக்கு மற்றச் செடிகளைப்போல் வேர் கிடையாது. இலை வழியாகவே தண்ணீரைக் குடிக்கும். மிதித்தால் பிய்ந்துபோகும். மறுபடி வளர நெடுநாள் ஆகும்.

கூட்டமா, பாசியா? கோவில் பாசியின் பக்கம் நின்றது. 1977-ம் ஆண்டு, நினைத்தவுடன் உள்ளே நுழையும் வழக்கத்தை நிறுத்தியது.

அன்று முதல், ரிப்ளை கார்டு எழுதிப்போட்டு, அனுமதி வந்தால்தான் போக முடியும் என்று ஆனது. இப்போது இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். ஒரு நாளைக்குச் சிலரைத்தான் அனுமதிக்கிறார்கள்.

முதலில் எழுத்து, பிறகு தோட்டம்

உள்ளே போனவுடன் தோட்டத்தைப் பார்த்துவிட முடியாது. முதலில் மண்டபத்தில் உட்கார வேண்டும். புத்த மந்திரம் மங்கலாக அச்சிட்ட தாளைக் கொடுப்பார்கள். அந்த எழுத்துக்களின் மேலேயே மையால் எழுத வேண்டும். ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் எழுதலாம்.

அவசரமாக எழுத முடியாது. எழுத எழுதப் பேச்சு அடங்கும். மனமும் அடங்கும். அதன் பிறகுதான் தோட்டம். பாதையை விட்டு இறங்கக்கூடாது.

தோட்டக்காரர்கள் துடைப்பத்தால் உதிர்ந்த இலைகளை மெதுவாகக் கூட்டுவார்கள். இலை மூடினால் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது அல்லவா?

பாசியைப் பார்க்க நல்ல காலம், ஜூன், ஜூலை மாதங்களில் வரும் மழைக்காலம். அப்போது தோட்டம் முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருக்கும்.

1994-ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கோவிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

கதவைச் சாத்தியதால் பாசி பிழைத்தது. காத்திருந்து வருகிறவர்களுக்கு அமைதியும் கிடைக்கிறது!