உங்களுக்குத் தெரியுமா? – சிறுநீர்ப்பைக்கும் எக்ஸ்ரே உண்டு!

எலும்பு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். சிறுநீர்ப்பை அப்படித் தெரியாது. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்தை உள்ளே நிரப்பிப் படம் எடுக்கிறார்கள். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஃபோல்க்கரும் லிச்டென்பெர்க்கும் சிறுநீர்ப் பாதையைப் படமெடுக்க வெள்ளிக் கரைசலைச் செலுத்தினார்கள். அது பலரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது, உயிரையும் பறித்தது. 1929-இல் மோசஸ் ஸ்விக் அறிமுகப்படுத்திய அயோடின் மருந்துதான் பாதுகாப்பான வழியைத் திறந்தது.

அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் குழந்தையை 'எம்.சி.யு.' எனும் சிறுநீர்ப்பை எக்ஸ்ரேவுக்காகச் சத்தியமங்கலத்திலிருந்து கோவைக்கோ ஈரோட்டுக்கோ அழைத்துப் போகும் பெற்றோர் கவனிக்க: மெல்லிய குழாய் வழியாக மருந்து மெதுவாக, தானாக இறங்க வேண்டும், அழுத்தி ஏற்றுவது நல்லதல்ல. அளவுக்கும் கணக்கு உண்டு. வயதோடு 2-ஐக் கூட்டி 30-ஆல் பெருக்குவார்கள். 4 வயதுக் குழந்தைக்குச் சுமார் 180 மி.லி.

ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, ஒவ்வாமையும் அபூர்வம். மருந்தில் அயோடின் இருக்கிறதே என்று மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் பயப்படவே வேண்டாம். ஆனால் முன்பு கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். தொற்று தீர்ந்த பிறகே படம் எடுப்பார்கள். எடுத்த பிறகு காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.