வியர்வை காயாத உடைக்குள்

2014 ஆகஸ்டில் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் எபோலா நோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை மையத்தைத் திறந்தது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. மழைக்காலம்தான், ஆனாலும் புழுக்கம் தாங்காது. உள்ளே போகும் பணியாளருக்கு மஞ்சள் நிற முழு உடை, தலைமூடி, முகக்கவசம், கண்ணாடி, இரண்டு அடுக்குக் கையுறை, தடித்த ஏப்ரன், ரப்பர் பூட்ஸ். தோலில் ஒரு விரற்கடை இடம்கூட வெளியே தெரியக் கூடாது. கண்ணாடியில் ஆவி படியும். பூட்ஸுக்குள் வியர்வை தேங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் உள்ளே இருக்கலாம். நோயாளி கை நீட்டி அழைத்தாலும் நேரம் முடிந்தால் வெளியே வந்தாக வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உடலின் கணக்கு. உழைக்கும் தசை செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். ஆனால், அது ஆவியாக வேண்டும். வழிந்தோடும் வியர்வையால் உடல் குளிராது. கிருமியை உள்ளே விடாத துணி, நீராவியையும் எளிதில் வெளியே விடுவதில்லை. உடைக்குள் காற்று ஈரத்தால் நிரம்பியதும் வியர்வை காய்வது ஏறக்குறைய நின்றுபோகிறது. உடலோ இன்னும் அதிகமாக வியர்க்கிறது. ரத்தத்தில் நீர் குறைகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயம் திணறுகிறது. உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அதற்கு முன்பே கவனம் சிதறத் தொடங்கிவிடும். எபோலா வார்டில் மிக ஆபத்தான வேலை உடையைக் கழற்றுவது. களைத்துப்போனவர் கையுறையோடு ஒருமுறை கண்ணைத் துடைத்தால் போதும். அதனால்தான் எதிரே ஒருவர் நின்று, குளோரின் கரைசலைத் தெளித்தபடி, ஒவ்வொரு படியையும் சொல்லித் தருவார். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய அந்தத் தொற்றில் 800க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களை எபோலா தாக்கியது. அத்தனைக்கும் வெக்கையே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், களைத்த கையை நம்பக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

"போகப் போகப் பழகிடும்" என்பார்கள். இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. வெயிலுக்குப் பழகிய உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும். காற்றுப் புகாத உடைக்குள் அந்தத் திறமையால் பெரிய பயன் இல்லை. நீர் குடிப்பது அவசியம், ஆனால் அது நீர்ச்சத்து குறையாமல்தான் காக்கும். உள்ளே சேர்ந்த வெப்பத்தை வெளியேற்றாது.

வெளியே வந்ததும் செய்யக்கூடிய எளிய வைத்தியம் ஒன்று உண்டு. கைகளையும் முன்கைகளையும் பத்து, இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைப்பது. உள்ளங்கையில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் நுண்குழாய்கள் உண்டு. உடல் சூடானால் அவை அகலத் திறந்துகொள்ளும். அங்கே குளிரும் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி உடலையே குளிர்விக்கும். பிரிட்டிஷ் கடற்படை ஆய்வாளர்கள் 1990களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கனடாவில் தீயணைப்பு வீரர்களிடமும் நல்ல பலன் தெரிந்தது. தேவை ஒரு தொட்டியும் கொஞ்சம் ஐஸும்தான்.

தீயணைப்பு நிலையம், ரசாயன ஆலை, தொற்றுநோய் வார்டு என எங்கே பொறுப்பில் இருந்தாலும், கவச உடை தருவதோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்து "நேரம் முடிந்தது, வெளியே வா" என்று சொல்ல ஓர் ஆளையும் நியமியுங்கள். உள்ளே இருப்பவரிடம் அந்த முடிவை விடாதீர்கள்.