உடைந்த இயர்போனை வீட்டில் ஒட்டுவது எப்படி?



இந்த இதழில் ஒரு சின்னச் சாமானைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் இயர்போன். பிள்ளைகள் ஹேண்ட்ஸ்ப்ரீ என்பார்கள். "இதுக்கும் ஒரு கட்டுரையா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் ஒரே லயக் காம்பராவில் ஆறேழு பேர் இருக்கும்போது, ஒரு பிள்ளை பாடம் கேட்க வேண்டும் என்றால் இது இல்லாமல் முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பிறகு மூடுவதும் திறப்பதுமாகக் காலம் போனது. பாடமெல்லாம் போனில்தான். 2021இல் ஒரு நாள் ஒரு தகப்பனார் என் அறைக்கு வந்தார். "ஐயா, இத ஒட்டிக் குடுக்க முடியுமாங்க? புள்ளைக்கு அஞ்சு மணிக்கு கிளாஸ் இருக்கு" என்றார். இயர்போனின் ஒரு பக்க மூடி பிளந்து கிடந்தது. அடுத்த பக்கம் முன்பே வேலை செய்யவில்லையாம். "இது என்ன பெரிய வேலை, கொண்டாங்க" என்று வாங்கி, சுப்பர் க்ளூவைத் தாராளமாக ஊற்றி அமுக்கிக் கொடுத்தேன். மூடி நன்றாக ஒட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. பசை உள்ளே ஓடி, சத்தத்தைத் தரும் மெல்லிய சவ்வையும் சேர்த்து ஒட்டிவிட்டது.

அன்று மாலை அந்தப் பிள்ளை, இரவு வோச்சர் வேலைக்காகத் தூங்கும் தகப்பனை எழுப்பக் கூடாது என்று, தூறலில் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் கேட்டது. சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாய்ப் போனது. பிறகு புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் எங்கே பிழை விட்டோம் என்று ரேடியோ திருத்துபவர் ஒருவரிடம் கேட்டுப் படித்தேன். அதையே கீழே எழுதுகிறேன்.

முதலில் என்ன உடைந்தது என்று பாருங்கள்

இயர்போனைப் போனில் மாட்டிப் பாட்டைப் போடுங்கள். வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால், உள்ளே செப்புக் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் போனில் செருகும் முனைக்குப் பக்கத்தில்தான் அறும். இதற்குப் பசை உதவாது, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சத்தம் குறைந்து மட்டும் இருந்தால் காதுக் குறும்பி அடைத்திருக்கலாம். வலைப் பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்து, காய்ந்த பல்துலக்கும் பிரஷால் தட்டுங்கள். மூடி பிளந்து சத்தம் சரியாக இருந்தால் மட்டுமே பசை வேலை.

ஒட்டும் முறை

நான் பிறந்த ஊர் கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள பாண்டிருப்பு. கடற்கரை ஊர். பைபர் தோணி வெடித்தால் எங்கள் ஆட்கள் உடனே ரெசின் பூச மாட்டார்கள். காயவைத்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்த பிறகுதான் பூசுவார்கள். "மகன், ஊத்தையும் ஈரமும் போகாமப் பூசினா நிக்காது" என்று என் மாமா சொல்வார். தோணிக்கும் இயர்போனுக்கும் அதே சட்டம்தான்.

1. பிளந்த ஓரங்களை மெல்லிய அரத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

2. உள்ளே தலைமயிர் போன்ற கம்பிகள் உண்டு. அவை மூடிக்குள் நசியாமல் ஒதுக்கி, பசையில்லாமல் ஒருமுறை மூடிப் பாருங்கள்.

3. பசையைக் குழாயிலிருந்து நேரே விடாதீர்கள். தகர மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சுப்பர் க்ளூ காற்றிலுள்ள ஈரப்பதத்தால் இறுகுகிற பசை. ஆகவே மெல்லியதாகப் பூசினால்தான் பிடிக்கும். கூடுதலாக விட்டால் இறுக நேரமாகும், ஆவி எழுந்து வெள்ளையாகப் படியும், உள்ளேயும் ஓடும்.

4. மூடி ஒரு நிமிடம் பிடித்து, ரப்பர் பட்டி போட்டு, ஒரு நாள் முழுக்கக் காற்றாட வையுங்கள். அதற்கு முன் காதில் வைக்க வேண்டாம். காய்ந்த பின் கூரான விளிம்பு இருந்தால் தேய்த்து விடுங்கள்.

வயர் மூடிக்குள் நுழையும் கழுத்துப் பகுதிக்கு சுப்பர் க்ளூ சரிவராது. அது கண்ணாடி போல இறுகும், வளைத்தால் வெடிக்கும். அவ்விடத்தில் நைலோன் நூலை நெருக்கமாகச் சுற்றி, அரல்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசையைச் சம அளவாகக் கலந்து மெல்லியதாகப் பூசி, மறுநாள் வரை விடுங்கள். காதுக்குள் போகும் மெத்தென்ற சிலிக்கன் நுனியில் இந்தப் பசைகள் ஒட்டாது. அதற்கு வேறு நுனிதான் போட வேண்டும்.

கவனம்

சுப்பர் க்ளூவின் கதையே இந்த ஒட்டும் குணத்தில்தான் தொடங்கியது. 1942இல் அமெரிக்காவின் கொடாக் கம்பெனியில் ஹாரி கூவர் என்பவர், துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குப் பிளாஸ்டிக் தேடும்போது இது கிடைத்தது. தொட்டதெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. நம் தோலும் அது தொட்டால் ஒட்டும் பொருள்களில் ஒன்று.

விரல்கள் ஒட்டினால் பிய்க்காதீர்கள். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவி, இமையை வலிந்து திறக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழாய் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்காதீர்கள். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் சூடேறிக் கை வெந்துபோகும். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வயர் இல்லாத இயர்போனுக்குள் பற்றரி உண்டு. அது வீங்கியோ பிளந்தோ இருந்தால் ஒட்டவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு பக்கம் செத்த இயர்போனில் மற்றப் பக்கத்தின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்பது நம் வழக்கம். சாமான் போனால் வாங்கலாம், பிள்ளையின் காது போனால் வாங்க முடியாது. ஆகவே சத்தத்தைக் குறைத்தே வைக்கச் சொல்லுங்கள்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வந்தபோதும், ஒரு இயர்போன் வாங்க யோசித்த வீடுகளை நான் பார்த்தேன். ஒரு சொட்டுப் பசையும் ஒரு நாள் பொறுமையும் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும். பொறுமை இல்லாமல் ஊற்றினால் என்னாகும் என்பதற்கு நானே சாட்சி.