நந்தியைக் காணாமல் திரும்பலாமா?

விடுமுறை நாளில் பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரயிலேறும் நம்மவர் குடும்பங்கள் பல, சாமுண்டி மலையின் பெரிய நந்தியைக் காணாமலே திரும்புகின்றன. பேருந்து மலையுச்சிக்குச் செல்கிறது. அங்கே எதிர்ப்படுவது மகிஷாசுரன் சிலை. ஒரு கையில் வாள், மறு கையில் பாம்பு, உடலெங்கும் வண்ணப் பூச்சு. "நந்தி எங்கே?" என்று பிள்ளைகள் கேட்கும்போதுதான் அது கீழே இருப்பது தெரிகிறது. அதற்குள் அம்மன் தரிசன வரிசையில் பொழுது போய், ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்த காசுக்குப் பலன், பிள்ளைகளின் வாடிய முகம்.

நந்தி வீற்றிருப்பது மலைச்சரிவில், சுமார் 1,000 படிகளில் ஏறத்தாழ 700ஆவது படியருகே. 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் ஒரே கல்லில் செதுக்கப்பட்டது. உயரம் சுமார் 16 அடி. கழுத்து மணிகளும் கல்லே. நம் தஞ்சைப் பெரிய கோயில் நந்தியைவிடப் பெரியது.

வழி எளிது. காலையிலேயே மலையேறி, தரிசனம் முடிந்ததும் பேருந்துக்குக் காத்திராமல் படிவழியே இறங்கினால் போதும். சுமார் 300 படியில் நந்தி; மீதிப் படிகள் இறங்கினால் அடிவாரம். படி இறங்க இயலாத முதியோர் ஆட்டோவில் நந்தி வரை சாலை வழியே செல்லலாம்.