சமாதானமாகப் பேசினால் முதலில் யாருக்குக் கோபம் வருகிறது? வாஜ்பாய், அத்வானி, சர்தாரி: ஒரு குறிப்பு

பகை நாட்டைப் பற்றி ஒரு அரசியல்வாதி நல்லதா நாலு வார்த்தை சொன்னா என்ன ஆகும்? "டிவியில ரெண்டு நாள் துரோகின்னு கத்துவாங்க, அப்புறம் அடங்கிடும்" என்பதுதான் நம்மில் பலருடைய பதிலாக இருக்கும். ஆனால் இந்தியா-பாகிஸ்தான் விஷயத்தில் நடந்த சில சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. சில பேச்சுகள் உண்மையிலேயே அடங்கிவிடுகின்றன. சில பேச்சுகள் பதவியைக் காவு வாங்குகின்றன. சில நேரம் கோபம் வரவேண்டிய இடத்தில் வராமல், நாம் நினைத்தே பார்க்காத ஒரு இடத்திலிருந்து வருகிறது. ஏன் இப்படி?

முதலில் இரண்டு பயணங்களைப் பார்ப்போம். இரண்டும் ஒரே கட்சிக்காரர்கள் போனது.

லாகூர், 1999

1999 பிப்ரவரி 20 அன்று பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் வாகா எல்லையைத் தாண்டி லாகூர் போனார். மறுநாள் நவாஸ் ஷெரீஃபுடன் லாகூர் பிரகடனத்தில் கையெழுத்து. அந்தப் பயணத்தில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு முக்கியம். மினார்-இ-பாகிஸ்தானுக்குப் போனார். 1940இல் முஸ்லிம் லீக் லாகூர் தீர்மானத்தை நிறைவேற்றிய இடத்தில் கட்டப்பட்ட நினைவுத் தூண் அது. அதாவது பாகிஸ்தான் என்ற கோரிக்கைக்கே நினைவுச் சின்னம். அங்கே வருகையாளர் புத்தகத்தில், நிலையான, பாதுகாப்பான, வளமான பாகிஸ்தான் இருப்பது இந்தியாவுக்கும் நல்லது என்ற பொருளில் எழுதினார்.

அகண்ட பாரதம் பேசும் ஒரு இயக்கத்தில் வளர்ந்தவர் இப்படி எழுதியது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் இந்தியாவில் பெரிய கொந்தளிப்பு எதுவும் இல்லை. கொந்தளித்தது லாகூர்தான். ஜமாத்-இ-இஸ்லாமி கட்சியினர் தெருவில் இறங்கினார்கள். வாஜ்பாய் போன பிறகு அந்த இடத்தையே கழுவி விட்டார்கள் என்றுகூட அப்போது செய்தி வந்தது.

கராச்சி, 2005

ஆறு வருஷம் கழித்து எல்.கே. அத்வானி போனார். அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர், பா.ஜ.க. தலைவரும்கூட. 1927இல் கராச்சியில் பிறந்தவர். 2005 ஜூன் 4 அன்று ஜின்னா சமாதிக்குப் போய், அங்கிருந்த புத்தகத்தில் ஒரு பத்தி எழுதினார். வரலாற்றையே உருவாக்கிய அரிய மனிதர்களில் ஜின்னாவும் ஒருவர் என்றார். ஒரு காலத்தில் சரோஜினி நாயுடு அவரை இந்து-முஸ்லிம் ஒற்றுமையின் தூதர் என்று சொன்னதை நினைவூட்டினார். 1947 ஆகஸ்ட் 11 அன்று பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் ஜின்னா ஆற்றிய உரையை, மதச்சார்பற்ற அரசுக்கான வலுவான வாதம் என்று பாராட்டினார்.

இந்த முறை வெடித்தது டெல்லியில். விஸ்வ இந்து பரிஷத் தரப்பிலிருந்து 'துரோகம்' என்ற சொல்லே வந்தது. ஆர்.எஸ்.எஸ். முகம் சுளித்தது. காங்கிரஸும் தன் பங்குக்கு விமர்சித்தது. ஜூன் 7 அன்று அத்வானி கட்சித் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். ஜூன் 10 அன்று கட்சி ஒரு தீர்மானம் போட்டது. ஜின்னா என்ன கனவு கண்டிருந்தாலும் அவர் நிறுவிய நாடு மதச்சார்பற்ற நாடு அல்ல, இரு தேசக் கொள்கையை நாங்கள் ஏற்கவில்லை என்பது அதன் சாரம். ராஜினாமா வாபஸ் ஆனது. ஆனால் அந்த வருஷக் கடைசியில் தலைவர் நாற்காலியை ராஜ்நாத் சிங்கிடம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அரசியல் வாழ்க்கை முடிந்துபோகவில்லை, 2009இல் அவர்தான் பிரதமர் வேட்பாளர். இருந்தாலும் இயக்கத்துக்குள் பழைய இடம் திரும்பவில்லை.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இந்த மாதிரி விஷயங்களில் வழக்கமாக ஒரு சூத்திரம் சொல்வார்கள்: கடும்போக்காளர்தான் சமாதானம் பேச முடியும். 1972இல் கம்யூனிச எதிர்ப்புக்குப் பேர்போன நிக்சன் சீனாவுக்குப் போனாரே, அதுதான் உதாரணம். மென்மையானவர் போனால் 'விட்டுக்கொடுத்துட்டார்' என்பார்கள், கடுமையானவர் போனால் 'அவரே போறார்னா ஏதோ காரணம் இருக்கும்' என்பார்களாம்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் அத்வானிதான் தப்பித்திருக்க வேண்டும். 1990 ரத யாத்திரையை நடத்தியவர் அவர். வாஜ்பாயைவிடக் கடுமையானவர் என்று பேர் எடுத்தவரும் அவர். ஆனால் நடந்தது தலைகீழ்.

பதவி ஒரு காரணம், மறுக்க முடியாது. வாஜ்பாய் பிரதமர். கையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது, முந்தைய வருஷம்தான் பொக்ரானில் அணுகுண்டு சோதனையும் நடத்தியிருந்தார். அத்வானி தேர்தலில் தோற்ற கட்சியின் தலைவர். காட்டுவதற்கு அவரிடம் சொற்கள் மட்டும்தான்.

ஆனால் பதவி மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரும் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். வாஜ்பாய் எழுதியது நிகழ்காலத்தைப் பற்றி: பாகிஸ்தான் இருக்கிறது, அது நல்லா இருந்தா நமக்கும் நல்லது. இதில் யாருடைய பழைய கதையும் மாறவில்லை. அத்வானி எழுதியது கடந்தகாலத்தைப் பற்றி. பிரிவினைக்கு யார் குற்றவாளி என்பதுதான் அவருடைய இயக்கம் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்த கதையின் அஸ்திவாரம். அந்தக் கதையில் ஜின்னாவுக்கு ஒரே ஒரு வேஷம்தான் உண்டு. அதை மாற்றி எழுதினால் வீடே ஆட்டம் காணும்.

இதைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. 2009 ஆகஸ்டில் ஜஸ்வந்த் சிங் ஜின்னாவைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர். எந்த சமாதிக்கும் போகவில்லை, எந்த நாட்டுக்கும் நட்புக்கரம் நீட்டவில்லை. வெறும் வரலாற்று நூல். ஆனால் பிரிவினைப் பழியில் நேருவுக்கும் படேலுக்கும் பங்கு கொடுத்தது. புத்தகம் வெளிவந்த இரண்டே நாளில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். குஜராத் அரசு புத்தகத்தைத் தடை செய்தது, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பாகிஸ்தானுக்கே போகாமல் இவ்வளவு கோபம் என்றால், பிரச்சினை பாகிஸ்தான் இல்லை என்றுதானே அர்த்தம்?

எல்லைக்கு அந்தப் பக்கம்

இது இந்தியர்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 2008 செப்டம்பரில் ஆசிஃப் அலி சர்தாரி பாகிஸ்தான் அதிபரானார். அக்டோபர் தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் அவர் பேட்டி வந்தது. இந்தியா ஒருபோதும் பாகிஸ்தானுக்கு அச்சுறுத்தலாக இருந்ததில்லை என்றார். காஷ்மீரில் ஆயுதம் ஏந்தியவர்களை 'பயங்கரவாதிகள்' என்று குறிப்பிட்டார்.

பாகிஸ்தானில் எதிர்ப்பு வந்தது, அது எதிர்பார்த்ததுதான். இந்தியா அச்சுறுத்தல் இல்லையென்றால் அவ்வளவு பெரிய ராணுவம் எதுக்கு, ஆட்சியில் அதற்கு அவ்வளவு பங்கு எதுக்கு என்ற கேள்வி தானாக வந்துவிடும். ஆனால் கவனிக்க வேண்டிய காட்சி நடந்தது இந்தியாவின் கட்டுப்பாட்டில் உள்ள காஷ்மீர் பள்ளத்தாக்கில். அங்கே போராட்டக்காரர்கள் பாகிஸ்தான் அதிபரின் கொடும்பாவியை எரித்தார்கள். இரண்டு நாடுகள் கைகுலுக்கும்போது நடுவில் தங்களை விற்றுவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. டெல்லியில் இனித்த அதே வாக்கியம் ஸ்ரீநகரில் துரோகமாகக் கேட்டது. உடனே தகவல் அமைச்சர் ஷெர்ரி ரஹ்மான், காஷ்மீரிகளின் நியாயமான போராட்டத்தை அதிபர் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தார்.

சர்தாரி அதோடு நிற்கவில்லை. நவம்பர் 22 அன்று டெல்லிக் கூட்டம் ஒன்றில் வீடியோ மூலம் பேசி, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற பொருளில் சொன்னார். பாகிஸ்தானின் நெடுநாள் கொள்கைக்கே எதிரானது அது. நாலே நாளில் மும்பைத் தாக்குதல். அதன் பிறகு அந்த வார்த்தைகளை எடுத்துப் பார்க்க யாருக்கும் மனசு இல்லை. 1999லும் இதேதான், லாகூர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே கார்கில் வந்தது. சமாதானப் பேச்சைக் கேட்டதும் மக்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றால், அந்தச் சந்தேகம் முழுக்க வெறுப்பிலிருந்து வருவதில்லை. சூடுபட்ட அனுபவமும் அதில் இருக்கிறது. இதை மறந்துவிட்டு மக்களைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

பதவி இல்லாதவர் பேசினால்

2016 ஆகஸ்டில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர், பாகிஸ்தானுக்குப் போவதும் நரகத்துக்குப் போவதும் ஒண்ணு என்றார். இஸ்லாமாபாத் போய்த் திரும்பியிருந்த நடிகையும் மாண்டியா முன்னாள் எம்.பி.யுமான ரம்யா, பாகிஸ்தான் நரகம் இல்லை, அங்கே உள்ளவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான் என்றார். அவ்வளவுதான். குடகு மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் தேசத்துரோகப் புகார் போனது. மங்களூரில் அவர் கார்மீது முட்டை விழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு மட்டும்தான் தேசத்துரோகப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே கேதார்நாத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 'அவங்களும் மனுஷங்கதான்' என்பது எந்தக் கணக்கில் வன்முறைத் தூண்டல்? ஆனால் இந்த மாதிரிப் புகாரின் நோக்கம் தண்டனை வாங்கித் தருவது இல்லை. அடுத்த ஆளை வாய் திறக்கவிடாமல் செய்வது. அதற்குத் தீர்ப்பு வரைக்கும் போக வேண்டியதில்லை, புகாரே போதும்.

மயிலாடுதுறை முன்னாள் எம்.பி. மணிசங்கர் அய்யர் விஷயத்தில் நேரமும் சேர்ந்துகொண்டது. பாகிஸ்தானிடம் அணுகுண்டு இருக்கிறது, மரியாதையோடு பேச வேண்டும் என்று அவர் முன்பு சொன்ன ஒரு பேட்டி, 2024 மே மாதம் தேர்தல் நடுவில் மேலே வந்தது. காங்கிரஸ் உடனே 'அது அவர் சொந்தக் கருத்து' என்று ஒதுங்கிக்கொண்டது.

அடுத்த முறை இப்படி ஒரு சர்ச்சை வந்தால்

மூணு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். பேசியவர் இன்றைய நிலவரத்தைச் சொன்னாரா, பழைய பழிக்கணக்கைத் தொட்டாரா? கோபப்படுகிறவர்களுக்கு அந்தப் பகையால் என்ன கிடைத்துக்கொண்டிருந்தது: ஓட்டா, பட்ஜெட்டா, ஒரு அடையாளமா? நட்பு வந்தால் நடுவில் நசுங்கப் போகிற மூன்றாவது ஆள் யாராவது இருக்கிறார்களா? இந்த மூன்றாவது ஆளின் கோபத்தை மட்டும் மற்ற கோபங்களோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து.

கோபத்தின் அளவை வைத்துப் பேச்சின் பலனையும் கணக்குப் போட முடியாது. 2018 ஆகஸ்டில் இம்ரான் கான் பதவியேற்பில் சித்து பாகிஸ்தான் ராணுவத் தளபதி பாஜ்வாவைக் கட்டிப்பிடித்தபோது, அவர் கட்சியின் பஞ்சாப் முதல்வர் அமரீந்தர் சிங்கே அது தப்பு என்றார். கர்தார்பூர் பாதையைத் திறப்பதாகத் தளபதி தன்னிடம் சொன்னார் என்பதே சித்துவின் விளக்கம். கேலி செய்தார்கள். 2019 நவம்பர் 9 அன்று பாதை திறந்தது. அதுவரை எல்லையில் நின்று பைனாகுலரில் குருத்வாராவைப் பார்த்துக் கும்பிட்டவர்கள், விசா இல்லாமல் நடந்து போய்க் கும்பிட்டார்கள். 2025 மே மோதலின்போது இந்தியா அந்தப் பாதையை மூடியது. மறுபடி திறக்க வேண்டுமானால், யாராவது ஒருத்தர் மறுபடி திட்டு வாங்கத் தயாராக இருந்தாக வேண்டும்.